கழுவும் வீடா, துடைக்கும் வீடா? தரை தேடி ஆத்தங்குடிக்கு ஒரு பயணம்

திருச்சியிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் திருமயம் தாண்டியதும் நிலத்தின் முகம் மாறிவிடும். செம்மண், சீமைக்கருவேலம், அங்கங்கே படிக்கட்டு கட்டிய ஊருணி. பெரிய ஆறு கிடையாது, கண்ணை நிறைக்கும் பச்சை வயலும் அதிகம் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், திடீரென்று ஒரு தெரு நீளத்துக்குக் கோட்டை மாதிரி வீடுகள் எழுந்து நிற்கும். செட்டிநாட்டுக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். நெடுஞ்சாலையை விட்டு விலகி, கிராமத்துச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஆத்தங்குடி. காரைக்குடிப் பக்கமிருந்து வந்தாலும் அரை மணி நேரப் பயணம்தான்.

சிவகங்கை மாவட்டத்தின் இந்தச் சின்ன ஊர், வீடு கட்டுகிறவர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும். காரணம், இங்கே கையாலேயே செய்யப்படும் தரைக்கல். ஊருக்குள் நுழைந்ததும் கொட்டகை கொட்டகையாகப் பட்டறைகள். வாசலில் வெயிலில் சாய்த்து வைத்த கற்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. பூ, நட்சத்திரம், கட்டம். சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே ஒரு மினி லாரியில் வைக்கோல் வைத்துக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் போட்டோவுக்காகப் போகவில்லை. அக்காவும் அத்தானும் உறையூரில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறார்கள். கீழ்த் தளத்தின் தரை பல இடங்களில் உள்வாங்கிக் கிடந்ததால் அதை உடைத்தே ஆகவேண்டிய நிலை. மாடியில் பழைய மொசைக் தரை, பார்க்கத்தான் மங்கல், மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறது. அம்மா இனி அவர்களோடுதான் இருக்கப்போகிறார். வயது 71. போன வருடம் வாடகை வீட்டின் பளபளா விட்ரிஃபைடு டைல்ஸில் வழுக்கி மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தவர். இன்னொரு முறை விழுந்தால் மணிக்கட்டோடு போகுமா, இடுப்பெலும்பா என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. ஆகவே தரை விஷயம் அழகு விஷயமாக மட்டும் இல்லை.

அத்தானின் விருப்பம் லேமினேட் மரத்தரை. “மரம் மாதிரி இருக்கும், காலுக்குக் குளிராது, விழுந்தாலும் கல்லு அளவுக்கு அடி படாது” என்பது அவர் கட்சி. அக்காவுக்கோ, தோழி வீட்டில் பார்த்த ஆத்தங்குடித் தரை கண்ணிலேயே நிற்கிறது. கடையில் கொடுத்த லேமினேட் மாதிரிப் பலகை ஒன்றைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு, “இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்” என்று கிளம்பினோம்.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

முதலில் டிக்கியில் இருந்த பலகையைப் பார்த்துவிடுவோம். லேமினேட் தரையை மரத்தரை என்றே கடைகளில் சொன்னாலும், மரத்தை அறுத்துச் செய்த பலகை இல்லை அது. நான்கு அடுக்குகள். அடியில் ஈரத்தைத் தடுக்கவும் பலகை வளையாமல் இருக்கவும் ஒரு தாள். அதற்கு மேல் மரநாரைப் பசை சேர்த்து அழுத்திச் செய்த ஹெச்.டி.எஃப் பலகை. அதற்கு மேல் தேக்கு, ஓக், வால்நட் என்று நாம் ஆசைப்படும் மரத்தின் அச்சிட்ட படம். எல்லாவற்றுக்கும் மேலே, கீறல் விழாமல் இருக்க அலுமினியம் ஆக்ஸைடு கலந்த மெலமைன் பூச்சு. நாம் நடப்பது இந்தப் பூச்சின் மேல். பார்ப்பது அதற்குக் கீழே இருக்கும் படத்தை.

இதை 1977-ல் ஸ்வீடனில் பெர்ஸ்டார்ப் என்ற நிறுவனம் உருவாக்கியது. அதன் ‘பெர்கோ’ என்ற பெயர்தான் பிறகு உலகம் முழுக்கப் பிரபலமானது. 1990-களின் பிற்பகுதியில், பசையே இல்லாமல் ஒன்றோடு ஒன்று ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் பலகைகள் வந்தன. அதன் பிறகு ஒரு அறைக்குத் தரை போடுவது ஒரே நாள் வேலையாகிவிட்டது. பழைய தரையை உடைக்கவேண்டாம். ஃபோம் விரித்து, அதன் மேல் பலகையைப் பூட்டிக்கொண்டே போகலாம். தூசி இல்லை, சிமென்ட் இல்லை, தண்ணீர் இல்லை.

குளிர் நாட்டில் பிறந்த பொருள். வெறுங்காலுக்கு இதமாக இருப்பதே அதன் பெரிய குணம். அதன் பலவீனம், நடுவில் இருக்கும் அந்த மரநார்ப் பலகை. இணைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கினால் அது உப்பும். உப்பியது காய்ந்தாலும் பழையபடி தட்டையாகாது. அசல் மரத்தை இழைத்து மறுபடி பாலிஷ் போடுவதுபோல் இதைச் செய்யவும் முடியாது, மேலே இருப்பது வெறும் படம் ஆயிற்றே!

கண்ணாடியின் முதுகில் ஒரு பூ

நாங்கள் போன பட்டறையில் ஆறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூத்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி ஒரு இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகடுகளை வளைத்துச் செய்த அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு நிறம். தோசை மாவு பதத்தில் கரைத்த வண்ணச் சிமென்ட்டைச் சின்னக் கரண்டியால் அள்ளி ஊற்றுகிறார். சிவப்பு இதழுக்கு, மஞ்சள் நடுவுக்கு, பச்சை மூலைக்கு. அளவுக் கோப்பையும் இல்லை, கோடும் இல்லை. கைக்கணக்குதான்.

பிறகு அச்சை மெதுவாக மேலே தூக்குகிறார். இந்த ஒரு நொடிதான் வேலையின் உயிர். கை நடுங்கினால் நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். அவர் தூக்கியபோது அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “முப்பது வருசமா தூக்குறேன், நீங்க ஏன் பயப்படுறீக?”

அதன் மேல் மணலும் சிமென்ட்டும் கலந்த உலர்ந்த கலவையைத் தூவுகிறார். அது வண்ணக் குழம்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு, கரண்டியால் அழுத்தி மட்டம் தட்டி, சட்டத்தைக் கழற்றுகிறார். ஒரு கல் முடிந்தது. சூளை கிடையாது, கரண்ட் கிடையாது. ஒரு நாள் அப்படியே இறுக விட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். எத்தனை நாள் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். எடுத்து வெயிலில் வைத்தால் கண்ணாடி தானாகக் கழன்று வந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம் கண்ணாடி மாதிரியே வழவழப்பாக இருக்கும். மெஷின் பாலிஷ் எதுவும் இல்லாமலே அந்த மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

உள்ளூர் மணலும் தண்ணீரும்தான் இந்தக் கல்லின் ரகசியம் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கையால் செய்வதால் இரண்டு கற்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் சிவப்பு கொஞ்சம் அடர்த்தி, இன்னொன்றில் இதழின் ஓரம் லேசாக வழிந்திருக்கும். பரவிக் கிடக்கும் தரையில் இந்த வித்தியாசம்தான் அழகாகத் தெரிகிறது. அச்சிட்ட படத்தில் இது கிடைக்காது. லேமினேட்டில் ஒரே முடிச்சு, ஒரே ரேகை, சில பலகைகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும்.

ஒரே ஒரு கேள்வி

அத்தான் தயங்கித் தயங்கி மாதிரிப் பலகையை எடுத்துக் காட்டினார். எதிரி வீட்டுப் பொருளைக் காட்டுவதுபோல இருந்தது அவருக்கு. பெரியவர் அதை வாங்கி, புரட்டிப் பார்த்து, ஓரத்தை நகத்தால் சுரண்டினார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, உங்க வீட்ல தரையைத் தொடைப்பீகளா, கழுவுவீகளா?”

அத்தான் பதில் சொல்வதற்குள் அம்மா சொல்லிவிட்டார். “வெள்ளிக்கிழமைன்னா கழுவித்தான் விடணும். ரெண்டு வாளித் தண்ணி ஊத்தி, தென்னந்தொடப்பத்தால தள்ளுனாத்தான் எனக்கு வீடு சுத்தமான மாதிரி இருக்கும்.”

“அப்ப உங்க ரூமுக்கு இந்தப் பலகை வேணாம்க்கா. மாடியில, தண்ணி ஊத்தாத எடத்துல போட்டுக்கங்க.”

எந்த ஷோரூமிலும் எங்களிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. எத்தனை சதுர அடி, என்ன பட்ஜெட், என்ன நிறம் என்றுதான் கேட்டார்கள். தமிழ்நாட்டு வீட்டில் தரை என்பது நடப்பதற்கு மட்டுமா? உட்கார்ந்து காய் நறுக்குகிறோம், பாய் விரித்துப் படுக்கிறோம், மாக்கோலம் போடுகிறோம். பொங்கலுக்கு முன்னால் வீடு முழுக்கக் கழுவிவிடுகிறோம். நல்லது கெட்டது எது நடந்தாலும் முடிந்ததும் முதல் வேலை, தரையில் தண்ணீர் ஊற்றுவதுதான். இந்தப் பழக்கம் உள்ள வீட்டில், ஈரத் துணியைப் பிழிந்து துடைக்கவேண்டிய ஒரு தரையைப் போட்டால், மாறவேண்டியது தரையா, வீட்டில் இருப்பவர்களா?

அம்மாவின் பயத்தையும் நான் கேட்டேன். இந்தக் கல் வழுக்குமா? பெரியவர் மழுப்பவில்லை. “காஞ்சு இருந்தா நல்லாப் பிடிக்கும். சோப்புத் தண்ணி நின்னா எந்தத் தரையும் வழுக்கும், இதுவும் வழுக்கும். அக்கா ரூம்ல எண்ணெய் போட்டு மினுக்காதீங்க. குளிக்கிற ரூம் வாசல்ல இதைப் போடாதீங்க, அங்க சொரசொரப்பான கல்லாப் பாத்துப் போடுங்க.” தன் கல்லை விற்கவேண்டியவர், அதை எங்கே போடக்கூடாது என்றும் சொன்னதில் அத்தானுக்கே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பர்மா தேக்கு எங்கே போனது?

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஆத்தங்குடியின் பெரிய வீட்டைப் பார்க்கப் போனோம். லட்சுமி விலாஸ், பெரிய வீடு, அரண்மனை என்று பல பெயர்களில் சொல்கிறார்கள். கட்டணம் கட்டி உள்ளே பார்க்கலாம். செட்டிநாட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் கட்டிய இப்படிப்பட்ட வீடுகள் பரவிக் கிடக்கின்றன. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து வணிகம் செய்து சேர்த்த செல்வம். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றன.

முகப்பு தாண்டி, வளவுக்குள் நுழைந்ததும் நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எங்கு பார்த்தாலும் மரம். தூண் மரம், கதவு மரம், நிலை மரம், தலைக்கு மேல் வண்ணம் தீட்டிய மரக்கூரை. கப்பல் கப்பலாகப் பர்மா தேக்கு வந்திறங்கிய காலம். வேண்டிய அளவு தேக்கை வாங்கிப்போட வசதி படைத்தவர்கள். ஆனால் நாங்கள் நடந்த இடத்திலெல்லாம் காலுக்கு அடியில் இருந்தது சலவைக்கல்லும் பூப்போட்ட டைல்ஸும்தான்.

வளவின் நடுவே நின்று மேலே பார்த்தால் காரணம் புரிகிறது. வானம் திறந்திருக்கிறது. மழை பெய்தால் நேராக வீட்டுக்குள் விழும். வெயிலும் விழும். விசேஷம் என்றால் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுவார்கள். இலை எடுத்ததும் கழுவிவிட வேண்டும். சித்திரை வெயிலில் வெறுந்தரையில் படுத்தால் முதுகு குளிர வேண்டும். மரத்தை அவர்கள் தண்ணீர் தொடாத உயரத்தில் வைத்தார்கள், தண்ணீர் புழங்கும் தரைக்குக் கல்லை வைத்தார்கள். வீடு கட்டித் தலைமுறைகள் கடந்துவிட்டன. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வளவைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். மணிக்கட்டு முறிந்த பிறகு, தெரியாத தரையில் யார் கையையும் பிடிக்காமல் அவர் நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அப்படியானால் லேமினேட் வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. மாடிப் படுக்கையறை, படிக்கும் அறை, எந்நேரமும் ஏ.சி. ஓடும் அறை, ஊட்டி, கொடைக்கானல் மாதிரி காலையில் தரையில் கால் வைக்க முடியாத ஊர்கள். பழைய தரையை உடைக்க முடியாத அபார்ட்மென்ட்டுக்கும் ஏற்றது. எடையும் ஒரு காரணம். 12-க்கு 12 அடி அறைக்கு, 10 அங்குல ஆத்தங்குடிக் கல் சுமார் 207 தேவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ முக்கால் அங்குல கனம், இரண்டரை, மூன்று கிலோ எடை. கல் மட்டுமே அரை டன்னுக்கு மேல் போய்விடும், அடியில் போடும் சிமென்ட் கலவை தனி. மாடியில் போடுவதென்றால் இன்ஜினீயரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

லேமினேட் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கவேண்டியவை:

• ஏ.சி. ரேட்டிங் என்ன? இந்த ஏ.சி. குளிர்சாதனம் இல்லை, தேய்மானத்தைத் தாங்கும் தர அளவு. வீட்டு அறைகளுக்கு ஏ.சி. 3 போதும். நடமாட்டம் அதிகமான ஹாலுக்கு ஏ.சி. 4 பாருங்கள்.

• கனம் எவ்வளவு? 8 மில்லிமீட்டரும் 12 மில்லிமீட்டரும் அதிகம் கிடைக்கும். கனம் கூடினால் நடக்கும்போது ‘டொக் டொக்’ சத்தம் குறையும். கதவின் அடியில் இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

• ஃபார்மால்டிஹைடு வெளியேற்றம் ஈ1 அளவுக்குள் இருக்கிறதா? மரநாரை ஒட்டும் பசையிலிருந்து வருவது இது. குழந்தைகள் தூங்கும் அறை என்றால் அவசியம் கேளுங்கள்.

• சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்களா? ஈரக் காற்றில் பலகை விரியும். இடம் இல்லாவிட்டால் நடுவில் கூடாரம்போல் எழும்பிவிடும். பலகைப் பெட்டிகளை இரண்டு நாள் அதே அறையில் வைத்திருந்து, பிறகு போடச் சொல்லுங்கள்.

• தரைத்தளமா? ஓதமும் கரையானும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லேமினேட்டை மறந்துவிடுங்கள். மரத் தோற்றம்தான் வேண்டும் என்றால், தண்ணீரில் உப்பாத எஸ்.பி.சி. பலகைகளை விசாரிக்கலாம்.

ஆத்தங்குடிக் கல் வாங்குகிறவர்களுக்கும் சில விஷயங்கள்:

• நேரில் போய், நிழலில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். போன் திரையில் தெரியும் சிவப்பு வேறு.

• ஆர்டர் கொடுத்த பிறகுதான் பல டிசைன்களைச் செய்வார்கள். கொத்தனாரை வரச் சொல்வதற்கு முன் கல் கைக்கு வரும் நாளைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

• உடைசலுக்காகக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, மீந்ததைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை அதே நிறம் அப்படியே கிடைக்காது.

• கல்லை இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பதிக்கவேண்டும். இதில் பழக்கமுள்ள கொத்தனாரைப் பட்டறையிலேயே கேட்கலாம். கல் விலை, வண்டி வாடகை, பதிக்கும் கூலி மூன்றையும் கூட்டித்தான் மற்றத் தரைகளோடு ஒப்பிடவேண்டும்.

• ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. சிமென்ட்டை ஆசிட் அரித்துவிடும். எலுமிச்சைச் சாறு, வினிகர் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். பழைய காலத்தில் புதிதாகப் பதித்த தரையில் உமியைப் போட்டுத் தேய்ப்பார்களாம். பிறகு கால்கள் நடக்க நடக்கப் பளபளப்பு கூடும்.

வீட்டுக்கு வந்து செய்த சோதனை

திருச்சி திரும்பியதும் அக்கா ஒரு காரியம் செய்தாள். மாதிரிப் பலகையிலிருந்து ஒரு துண்டை அறுத்து, வாளித் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டுவைத்தாள். காலையில் எடுத்துப் பார்த்தால் ஓரங்கள் உப்பி, விரலால் தடவினாலே தெரிந்தது. நியாயமாகச் சொன்னால், அறுத்த துண்டு என்பதால் ஓரம் திறந்திருந்தது. முறையாகப் பூட்டிய தரையில் இவ்வளவு சீக்கிரம் ஆகாது. ஈரம் தாங்குவதற்கென்றே தயாரித்த லேமினேட் வகைகளும் இருக்கின்றன. ஆனாலும் வாரம் இரண்டு வாளி என்று கணக்குப் போட்டால் அத்தானுக்கே மனம் வரவில்லை.

முடிவு இதுதான். கீழே ஹாலுக்கும் அம்மா அறைக்கும் ஆத்தங்குடி. ஹாலில் பூ. அம்மா அறையில் பூ வேண்டாம், அடர் சிவப்பு ஒரே நிறம், ஓரத்தில் மட்டும் வெளிர் மஞ்சள் பட்டை. தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று இரவு எழுந்தாலும் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று அம்மாவே கேட்டது அது. குளியலறைக்கும் அதன் வாசலுக்கும் பெரியவர் சொன்னபடி சொரசொரப்பான கல். அம்மா கட்டில் பக்கம் அழுத்திப் பிடிக்கும் ஒரு மிதியடி, குளிர்காலத்துக்கு. மாடியில் அக்கா மகன் அறைக்கு, பழைய மொசைக்கை உடைக்காமல் அதன் மேலேயே 8 மில்லிமீட்டர் லேமினேட், அத்தான் ஆசைப்பட்ட அதே வால்நட் நிறத்தில்.

போக விரும்புகிறவர்களுக்கு: திருச்சியிலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். காலையில் சீக்கிரம் கிளம்பினால் பட்டறையில் அச்சுத் தூக்குவதையும் பார்த்துவிடலாம், பெரிய வீட்டையும் பார்க்கலாம், வழியில் திருமயம் கோட்டை, கானாடுகாத்தான் தெருக்களுக்கும் நேரம் இருக்கும். தரை வாங்கப் போகிறவர்கள் அறையின் நீள அகலத்தை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைக் கழுவுகிறவர் யாரோ, அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.